இரண்டு வாரத்துக்கு இரண்டரை கிலோ

எடை தூக்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே இதைத்தான் சொல்வேன். ஜப்பானின் வடக்கே எங்கள் ஒபிஹிரோ ஊரில் ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயங்கள் மார்ச்சோடு முடிந்துவிடும். அதன்பின் அக்டோபர் வரை இரும்புதான். இரண்டு வாரத்துக்கு இரண்டரை கிலோ. அதற்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

நுகாகா மிஹோ என்னிடம் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பால் பண்ணைக்காரர் மகள். பதினேழில் எண்பது கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தாள். கூடப் பயிற்சி செய்யும் ரிக்கா கேலி செய்வாள்.

"உங்க வீட்டு மாடெல்லாம் உன் தொடையப் பாத்துப் பொறாமப்படுதாம்டி."

"அதுங்களையும் கோச்கிட்ட சேத்து விட்டுடறேன். ரெண்டு வாரத்துக்கு ரெண்டரை கிலோ ஏறிடும்" என்பாள் மிஹோ.

அந்த மே மாதம் மிஹோ தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்தாள்.

"கோச், பள்ளிக்கூடம் முடிஞ்சதும் நாகானோ டீமுக்குப் போறேன். கூப்பிட்டிருக்காங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"நல்ல விஷயம்தானே" என்றேன். அன்று அவளுக்குப் பன்றிக்கறிச் சோறு வாங்கிக் கொடுத்தேன். நான் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

ஜூலையில் இடது கால் மரத்துப்போகிறது என்றாள். நானே அழைத்துப் போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். மறுவாரம் முடிவை வாங்க நான் மட்டும் போனேன். கறவை நேரம், அவள் அம்மாவால் வர முடியவில்லை. கீழ் முதுகெலும்பில் மெல்லிய விரிசல். மூன்று மாதம் எடை தூக்காமல் இருந்தால் எலும்பு கூடிவிடும் என்றார் மருத்துவர். வீட்டில் நானே சொல்லிவிடுகிறேன் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

மிஹோவிடம் தசைப்பிடிப்பு என்றேன்.

"அப்ப தூக்கலாமா, கோச்?"

"திட்டப்படியே போவோம்."

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். திட்டத்தில் இருந்ததற்கு மேல் நூறு கிராம்கூட நான் ஏற்றவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்குவதைப் பார்ப்பேன். மறுநாள் தட்டுகளை நானே மாட்டுவேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசும். கூசியபடியே மாட்டினேன்.

செப்டம்பர் கடைசியில் நூற்றைந்து கிலோ. உட்கார்ந்தவள் எழவில்லை. எடை தாங்குகம்பிகளில் விழுந்து நின்றது. அவள் அதன் கீழே சரிந்தாள். ரிக்கா ஓடிவந்து அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். "கால் எங்க இருக்குன்னே தெரியலடி" என்றாள் மிஹோ.

இரண்டு அறுவைச் சிகிச்சைகள் ஆயின. இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். நாகானோவிலிருந்து ஒரு பூச்செண்டு வந்தது. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் காகிதத்தை என் மேசையிலிருந்து எடுத்துக் காட்டி, "மறந்துட்டீங்களா?" என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. விரிசல் என்று மருத்துவர் சொன்னதுமே, இவள் இனி எங்கேயும் போக மாட்டாள் என்றுதான் தோன்றியது. ஓய்வு கொடுத்திருந்தால் ஆறியிருக்கும். ஆறியிருந்தால் போயிருப்பாள். அதனால்தான் கொடுக்கவில்லை.

ஆம்புலன்ஸில் அவளோடு நான்தான் போனேன். வழியெல்லாம் என் கையை விடவேயில்லை.

"மன்னிச்சிடுங்க, கோச். உங்க திட்டத்த நான் கெடுத்துட்டேன்."

"பரவாயில்லம்மா, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல" என்றேன்.