பூட்டின் நெற்றியில் அரசு முத்திரை

அரம் தேயும் ஓசையே ஆரவாரமாய் அமைந்த இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பூட்டுத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! சாவிக்கொத்தைக் கைவிடாத தாய்மார்களே! இடமில்லாமல் வாசலில் நிற்கும் தம்பிமார்களே! வணக்கம்.

நம் சங்க மன்றத்தின் புதுக் கட்டடம் திறக்கும் நாளில் பழைய கதை ஒன்று சொல்கிறேன். என்ன அண்ணே, கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்? சுருக்கமாகத்தான் சொல்வேன்.

கடல் கடந்தவர்கள் நம்மை ஆண்ட காலம். அவர்கள் நாட்டுப் பூட்டு கப்பல் கப்பலாக வந்து குவிந்தது. நம் சட்டசபை துணிந்து அதற்குச் சுங்கவரி போட்டது. நாம் சட்டம் போட்டால் போதுமா? கடலுக்கு அப்பால் மந்திரி ஒப்ப வேண்டாமா? ஒப்பினார், ஒரு நிபந்தனையோடு. அதே வரி உள்ளூர்ப் பூட்டுக்கும் உண்டாம். கப்பலில் வந்தவனுக்கும் கால்நடையாய் வந்தவனுக்கும் ஒரே கட்டணம்! அதற்கு அவர் வைத்த பெயர் சமநீதி.

என் பெரியம்மாவின் பூட்டுப் பட்டறை அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. விலையைக் கூட்டினால் வாங்க ஆளில்லை. கூட்டாவிட்டால் பட்டறையே இல்லை. வரி வாங்க அதிகாரி ஒருவர் தினமும் வந்தார். பட்டறையின் ஒரே நாற்காலியில் அமர்ந்தார். வரி கட்டிய ஒவ்வொரு பூட்டின் நெற்றியிலும் அரசு முத்திரையை ஓங்கிக் குத்தினார். தன் தலையில் குத்துவது போலவே இருந்தது என்பார் பெரியம்மா.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முத்திரையைப் பார்த்த மக்கள், அரசாங்கமே சோதித்துப் பார்த்து உத்தரவாதம் கொடுத்த பூட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்! கப்பல் பூட்டுக்குத் துறைமுகத்தில் பெட்டிக்கு இவ்வளவு என்று வரி. பூட்டில் முத்திரை ஏது? பெரியம்மா மறைக்கவில்லை. "அது வரி கட்டினதுக்குக் குத்தினதுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். யார் நம்பினார்கள்? எவ்வளவு அடக்கமான அம்மா என்று சொல்லி இன்னொன்றும் வாங்கிப் போனார்கள்.

இறக்குமதிக்காரர்கள் பதறினார்கள். கடல் தாண்டி மனு பறந்தது. எந்த மந்திரி வரியைத் திணித்தாரோ, அதே மந்திரி உள்ளூர் வரியை ரத்து செய்தார். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். பட்டறையில் அன்று யாரும் சிரிக்கவில்லை. வரியோடு முத்திரையும் போகிறதே, இனி யார் வாங்குவார்கள்?

விடைபெற எழுந்த அதிகாரி, தன் வீட்டுக்கு ஒரு பூட்டு கேட்டார். பெரியம்மா புதுப் பூட்டை நீட்டி, கடைசியாக ஒரு முத்திரை குத்திக்கொள்ளச் சொன்னார்.

"எனக்கு எதுக்கும்மா முத்திரை? இத்தனை நாளும் பக்கத்துலயே உக்காந்து பார்த்தேனே. உங்க பேரைக் குத்திக் குடுங்க, போதும்."

வரி வந்த நாளில் கலங்காத பெரியம்மா, அன்று அழுதுவிட்டார். தன் பெயரை உளியால் வெட்டிக் கொடுத்தார். அதற்குப் பின் அந்தப் பட்டறைப் பூட்டு அந்தப் பெயரில்தான் விற்றது, இன்றும் விற்கிறது.

அடக்க வந்த முத்திரை அழிந்தது. அடியில் கிடந்த பெயர் எழுந்தது! ஆண்டவர்கள் போனார்கள், அரம் பிடித்தவர்கள் இருக்கிறோம்! நம் தரத்துக்கு நாமே சாட்சி என்று தலைநிமிர்ந்து சொல்ல இனி எவர் ஒப்பம் வேண்டும்?

அந்த அதிகாரியின் மகள் இதோ தாய்மார்களோடு அமர்ந்திருக்கிறார். நம் மன்ற வாசலில் தொங்குவது அவர் வீட்டில் இத்தனை காலம் தொங்கிய அதே பூட்டு. காலையில் நான்தான் திறந்தேன். ஒரே திருப்பில் திறந்தது.

செவி கொடுத்தவர்களுக்கு நன்றி. உழைக்கும் கைகள் அனைத்துக்கும் வணக்கம்.