அறுபத்துமூவர் அன்றைக்கு மாடி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. தம்பி சாய்நாத் அன்று சொன்னதில் பெரும்பகுதி மறந்துவிட்டது. மயிலாப்பூர் மாட வீதி வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு நான் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

ஹலோ... சாயியா? சொல்லு. ம்... ம்... அப்பா தூங்கறார். அதுக்கா போன் பண்ணினே? விஷயத்துக்கு வா.

...எத்தனை பேர்? உங்க மேனேஜர், சரி. அவர் மாமனாருமா? டெல்லிலேர்ந்தா? அறுபத்துமூவர் பார்க்கவா?

ஆமாம், ஆமாம். நம்மாத்து மாடிலேர்ந்து பார்த்தா நாயன்மார் அத்தனை பேரும் பல்லக்குல வர்றது நன்னாத் தெரியும். பொறந்ததுலேர்ந்து பார்த்துண்டிருக்கேன். அன்னிக்கு மத்தியானம் அப்பாவுக்கு டயாலிசிஸ். அது தெரியுமோ உனக்கு?

...

கார்ல அழைச்சுண்டு போகணுமா?

கார் எப்படிடா வரும்? காலம்பறயே நாலு வீதியையும் போலீஸ்காரா அடைச்சுடுவா. போன வருஷம் சக்கர நாற்காலியைத் தள்ளிண்டு அன்னதானக் கூட்டத்துக்குள்ள போனேன். வழி விடுங்கோ, வழி விடுங்கோன்னு கத்தறேன், ஒருத்தர் அப்பா கையில புளியோதரைத் தொன்னையை வெச்சுட்டுப் போறார்... சிரிக்காதே. சிரிக்காதேங்கறேன்! குளத்தைத் தாண்டறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்கிடுத்து.

அதான் சாருலதாகிட்ட கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் வேளச்சேரிக்கு உங்காத்துக்கு அழைச்சுண்டு வந்துடறேன், டயாலிசிஸ் சென்டர் உங்க தெருவிலேயே இருக்கு, ஒரே ராத்திரின்னு. உன் ஆம்படையா சொல்லலையா? ...சொன்னாளா. ஓ.

...

பொண்ணு அந்த ரூம்ல படிக்கறாளா. சரி. லிப்ட் இருக்கு, நீச்சல் குளம் இருக்கு, அப்பாவுக்கு ஒரு கட்டில் போட இடமில்லே.

...என்னது? டயாலிசிஸை மறுநாளைக்கு மாத்தறதா? அவர் காலைப் பார்த்தியோ, எப்படி வீங்கிக் கெடக்குன்னு? நீ உன் மேனேஜரை மாத்து. சாமி அடுத்த வருஷமும் வரும்.

...யாரு, நானா? நானா கொடுத்து வெச்சவ? திருவிழா வந்தா முன்பின் தெரியாதவாள்லாம் கதவைத் தட்டி பாத்ரூம் கேக்கறா. திறந்து விடறேன். யார் யாருக்கோ திறக்கறேன். உன் ஆத்துக் கதவு பெத்தவருக்குத் திறக்கலை.

...

மாடி உன் பங்குதான், யார் இல்லேன்னா? மாடிப்படி என் கூடத்துக்குள்ள இருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லு.

பூட்டத்தான் போறேன்... ஆமாம்... ஆமாங்கறேனே! டெல்லிக்காராளை வாசல்ல நிறுத்தி பூட்டைக் காட்டு.

...அப்பாகிட்ட குடுக்கணுமா?

...

முழிச்சுண்டுட்டார். நான் பேசினதை எல்லாம் கேட்டிருக்கார். வேண்டாங்கறார். வாயால இல்லே, கையை ஆட்டறார்...

வெக்கறேன்.

முந்தின நாளே வீட்டைப் பூட்டிவிட்டு, வேளச்சேரியில் ஒரு லாட்ஜில் அப்பாவோடு தங்கினேன். சாய்நாத் விருந்தாளிகளோடு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனானாம். எதிர்வீட்டு அனுப்ரியா சொன்னாள். அப்பா அந்த ஐப்பசியில் காலமானார். கொள்ளி வைக்க வந்தவன் என்னோடு பேசவில்லை. மறு வருஷம் மாடியை விற்றுவிட்டு, சாருலதாவையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஹைதராபாத் போய்விட்டான். நான் கீழ்வீட்டில் இருக்கிறேன்.