ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டிய பதில்

ஒருவரோடு ஒருவர் வாதிடும் பள்ளிப் போட்டியில், எதிராளியின் கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லாதவர் தோற்றவர். திங்கட்கிழமை மாலை, நாகர்கோவிலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பிளஸ் ஒன் மாணவிகள். ஜெயித்தவள் மடியில் கோப்பை இருந்தது. தலைப்பு, நட்பா நேர்மையா. தோற்றவளுக்குக் குலுக்கலில் நேர்மை விழுந்திருக்கிறது.

"ஏட்டி, நான் காப்பி அடிச்சா சார்ட்ட சொல்லுவியான்னுதானே கேட்டேன்? சொல்லுவேன்னு சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பல்லா?"

"ஒன் மூஞ்சப் பாத்துக்கிட்டு எப்பிடிட்டி சொல்ல?"

"அப்ப இது நீ விட்டுத்தந்த கப்பா? எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்க."

"விட்டுத்தரல்லட்டி. நெசமாவே வாய் வரல்ல."

"அப்ப இப்பச் சொல்லு. சொல்லுவியா, மாட்டியா?"

தோற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கள் ஊரான இனயத்துக்குப் போக இறங்கியபோது கோப்பையை எடுக்க இருவருமே தயங்கினார்கள். கடைசியில் ஆளுக்கொரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

பிறகு ஒருநாள், அதே பஸ்ஸில், யாரும் கேட்காமலே தோற்றவள் சொன்னாள்:

"சார்ட்ட சொல்லமாட்டேன் மக்கா. ஒன் அம்மைட்ட சொல்லுவேன்."

"ஐயோ, அதுக்கு சார்ட்டயே சொல்லிரு!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிடத்துப் பதில் வந்த அந்த நாள், அதே வாரம் வியாழக்கிழமை.