மூன்றடித் தொட்டியில் இரண்டு

மூன்றடித் தொட்டியில் இரண்டு ஆக்சோலாட்டிலுக்கு மேல் விடக்கூடாது, சார். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. பல்லி போல நான்கு கால், கழுத்தோரம் சிவப்பு இறகு மாதிரிச் செவுள், எப்போதும் சிரிப்பது போன்ற வாய். தண்ணீரை விட்டு வெளியே வராது. சூடு ஆகாது. அதனால்தான் எங்கள் மலையூரான சோளக்காட்டின் குளிரில் நன்றாக இருந்தன.

வாங்கியது என் அண்ணன் அருணாசலத்துக்காக. லாரி ஓட்டி என்னைப் படிக்கவைத்தவர். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்த பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழ் அசைவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. அவர் கட்டிலுக்கு எதிரே தொட்டியை வைத்தேன். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு குஞ்சுகள் வந்தன. "ஒண்ணையும் யாருக்கும் குடுத்துராத, சாமி. எல்லாம் நம்ம ஊட்டுப் பிள்ளைங்க" என்றார். அவர் பேச்சைக் கேட்டேன். வளர வளர நெரிசலாகி, ஒன்றின் காலை ஒன்று கடித்துத் துண்டாக்கியது. அண்ணன் பார்த்து அழுதார். பெரிய தொட்டிக்கு அறையில் இடமில்லை. இரண்டுக்கு மேலிருந்தவற்றைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டேன். துடிக்காமல் தூங்கிப்போயின, பிறகு எழவில்லை. மிச்சமிருந்த இரண்டும் அன்றைக்கே அமைதியாகிவிட்டன. அந்த அமைதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாசியில் என் மனைவி பாவாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேந்தமங்கலத்தில், அவள் அம்மா வீட்டில். ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுக் கண்ணாயியிடம் அண்ணனை விட்டுவிட்டு பஸ் பிடிப்பேன். மாமியார், "தொட்டில் கட்ட அங்க எடமிருக்குதுங்களா?" என்று கேட்பார். மகளைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மலையேறுவேன். விடிந்ததும் அண்ணனுக்குத் துணி மாற்றி, முதுகுப் புண்ணைத் துடைத்து, ஆபீஸ் போவேன். ஃபைல் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டதாகச் சொல்வார்கள். எனக்கு நினைவிருக்காது.

பாவாயி ஒரு வழி சொன்னாள். "ஏனுங்க, மலை மேலயே ஆலத்தூர் நாட்டுல எங்க பெரியப்பன் ஊடு சும்மாதான் கெடக்குது. நாலு ரூமு. உங்கண்ணனையும் கூட்டிக்கிட்டு அங்க போயிரலாமுங்க."

ஆபீசுக்குத் தூரம் என்றேன். அதுவும் உண்மைதான், சார்.

வியாழக்கிழமை மத்தியானம். வெளியே பனிமூட்டம். அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்தேன்.

"பாப்பாவ எப்பக் கூட்டிட்டு வாரே? ஒருக்கா மடியில போட்டுப் பாக்கோணும்" என்றார்.

"சீக்கிரமே கூட்டிட்டு வாரேண்ணா" என்றேன்.

அவர் கண்ணை மூடியதும் தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். ஆமாம், நான்தான். தூக்கத்தில் போய்விட்டார் என்று கண்ணாயியிடம் சொன்னது பொய்.

ஆனால் அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு நல்லது எதுவோ அதைத்தான் அவர் எப்போதும் விரும்பினார். கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடைகொடுக்கிறார் என்று புரிந்துகொண்டேன். நகங்கள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருப்பது நீங்கள் சட்டைக் கையை மடக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போதும் அப்படித்தான், சார். என் கையை இறுக்கித்தான் பிடிப்பார்.