பேனா கொண்டுவராதவன்

டீ நன்றாக இருக்கிறது, சார். இஞ்சி கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். தமிழ் தெரிந்த ஆபீசர் கிடைத்தது என் அதிர்ஷ்டம். இந்தியில் சொன்னால் எனக்கு இவ்வளவு கோவையாக வராது.

செம்பூரில் எனக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. விஜயராணி என்றால் மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைத் தங்கை பிரபாவதியிடம் விட்டுவிட்டு டப்பா தேடப் போய்விடுவேன். ஜியோகேஷிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெப்சைட்டில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். பேனா அவரவர் கொண்டுபோக வேண்டும். வெளியாட்கள் யாராவது வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வோம், போனில் பேசுவதுபோல் நடிப்போம். டப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

இதில் யாருக்கும் ஒரு லாபமும் கிடையாது. ஆனால் ஒரு டப்பாவை முதலில் கண்டுபிடித்தது யார் என்பது பெரிய விஷயம். பம்பாயில் அந்த வரிசையில் ரொம்ப நாளாக நான்தான் முதல். கணவர் போன பிறகு எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான், சார்.

பிறகு ஜெபஸ்டின் வந்து சேர்ந்தான். தாராவிக்காரன், குர்லாவில் மொபைல் ரிப்பேர் கடை. நல்ல பிள்ளை. அவனுக்குக் குழந்தை பிறந்தபோது பெயர் வெட்டிய பால் டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் வெட்டாமல் ஒரு பாத்திரமும் என் கடையை விட்டு வெளியே போகாது.

எனக்கும் அந்த வெப்சைட்டுக்கும்தான் ஆகாது. சந்தா கட்டியவள் நான். புது டப்பா வந்தால் உடனே மெயில் வரும். திறக்கப் போனால் பாஸ்வேர்டு தப்பு என்று சொல்லும். மறுபடி அடித்தால், நீ மனுஷிதானா என்று பார்க்கவேண்டும், டிராஃபிக் சிக்னல் இருக்கிற படங்களையெல்லாம் தொடு என்று சொல்லும். நான் தொட்டு முடிப்பதற்குள் ஜெபஸ்டின் ஸ்கூட்டரில் போய் டப்பாவையே தொட்டிருப்பான்.

ஒருமுறை மாதுங்கா பூ மார்க்கெட் பக்கம் மூச்சிரைக்கப் போய் நிற்கிறேன், அவன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“யக்கா, நீங்க வரட்டும்னுதான் இருக்கேன். அந்தப் பேனாவைக் கொஞ்சம் தாங்களேன்.”

ஒரு நாளாவது பேனா கொண்டுவந்ததில்லை. என் பேனாவை வாங்கித்தான் எனக்கு முன்னால் பெயர் எழுதுவான். நான் சிரித்துக்கொண்டே கொடுப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

இன்னும் ஒரு டப்பா கிடைத்தால் என்னை முந்திவிடுவான் என்ற நிலை வந்தது. அப்போதுதான் நானே ஒன்று வைத்தேன். மான்குர்த் தாண்டி, வாஷிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மீன்காரர்கள் உப்பங்கழியில் நட்ட மூங்கில் ஒன்றில். படகு பிடித்துப் போய்க் கட்டினேன். வெப்சைட்டில் பதியும்போது, அலை ஏறும் இடம், படகு வேண்டும் என்று எச்சரிக்கைக் குறி போடலாம். போட்டேன். சேவ் பண்ணப் போனால் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பினேன். குறியை மட்டும் மறுபடி போடவில்லை. அலுப்பு வராதா, சார்?

ஜெபஸ்டின் போனில் அம்புக்குறியைப் பார்த்து நடக்கிறவன். அம்பு நேராகக் காட்டும். நடுவில் சேறு இருப்பதோ, தண்ணீர் எப்போது ஏறும் என்பதோ அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அலை நேரம் பார்த்துத்தான், ஞாயிறு மத்தியானம் வெளியிடுங்கள் என்று வெப்சைட்காரர்களைக் கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்குக் கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்க்கில் காபி. தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அவன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான்.

“யக்கா, இதுவும் எனக்குத்தான்” என்று கையை ஆட்டினான்.

மூங்கிலை எட்டும்போது சேறு இடுப்புவரை வந்துவிட்டது. டப்பாவைத் திறந்தான். அதற்கப்புறம் திரும்ப முடியவில்லை. யக்கா, யக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். தண்ணீரும் ஏற ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மீன்காரர் படகில் வந்து, அங்கே யார் கத்துவது என்று இந்தியில் கேட்டார். விளையாட்டுக்கு ஒரு முறை இருக்கிறது அல்லவா? என் தம்பி, ரீல்ஸ் எடுக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் வாஷிப் பக்கம் உடல் ஒதுங்கியது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. மூங்கிலில் இருந்த டப்பாவில் என் பெயரைப் பார்த்து நேரே கடைக்கு வந்துவிட்டீர்கள். அதையும் பெயர் வெட்டித்தான் வைத்திருக்கிறேன் பாருங்கள், கைப்பழக்கம்.

உள்ளே இருந்த தாளைக் காட்டினீர்கள். வெறும் தாள். பெயர் எழுதாதவன் கண்டுபிடித்தவன் ஆகமாட்டான், சார். அது வெப்சைட் போட்ட விதி, நான் போட்டதல்ல. அதனால் பம்பாயில் இன்னும் நான்தான் முதல்.

அவன் கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விழுந்தது. வழக்கம்போல் பேனாவுக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். பேனா என் பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. அந்த ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? வேண்டாம் சார், என்னிடமே பேனா இருக்கிறது.