மொட்டமாடிக்கு மட்டும் போகாதீங்க

எங்கள் நிலையத்தின் பெயரைச் சென்னையில் யாரும் சரியாகச் சொன்னதில்லை. பக்டண்டி எஃப்.எம். இந்தியில் ஒற்றையடிப் பாதை என்று பொருள். தலைமையகம் குருகிராமில் இருக்கிறது. நாடு முழுக்க இருபத்திரண்டு ஊர்களில் நிலையங்கள். எங்குமே சினிமாப் பாட்டு கிடையாது, அந்தந்த மண்ணின் பாட்டு மட்டும்தான். சென்னையில் கானா, தெம்மாங்கு, கப்பல்காரர் பாட்டு. ராயபுரத்தில் எங்களைப் பக்கோடா எஃப்.எம். என்பார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "பக்கோடாவுலயா வேல? இன்னிக்கு சூடா இன்னா போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. தலைமையகத்திடம் சொன்னதில்லை.

என் பெயர் பாலகணேஷ். சென்னை நிலையத்தின் நிகழ்ச்சித் தலைவர். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில்தான். அப்பா வெள்ளத்துரை அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்று இந்தப் பகுதியின் பேச்சைக் கேட்டே என் காது பழகியது. எழில்மொழியைக் கண்டெடுத்தது அந்தக் காதுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவளை ரேடியோவுக்குக் கொண்டுவந்ததும் நான்தான் என்பதை உங்கள் விசாரணைக் குறிப்பில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் பிறந்தவள். தந்தை பீம்ராவ் ரயில்வேயில் குடிநீர் சுத்திகரிக்கும் பிரிவில் இருந்தவர். கால்பந்துப் போட்டி ஒன்றில் அவள் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டிருந்ததைக் கேட்டேன். மெட்ராஸ் பாஷை வேண்டாம், ஆட்கள் சிரிப்பார்கள் என்று தலைமையகம் சொன்னது. நான் விடாமல் வாதாடினேன். ஆட்கள் சிரிக்கத்தான் செய்தார்கள், ஆனால் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். காலை நிகழ்ச்சிக்கு நெட்டுக்குப்பத்திலிருந்து பூவம்மா என்ற மீன்காரம்மா தினமும் கூப்பிடுவார்.

"இன்னா எழிலு, குரலு கம்மிகினு கீது? ராவெல்லாம் ஐஸ்கிரீமா?"

"இல்ல பூவம்மா. நேத்து நீ சொன்ன வஞ்சிரம் வெலயக் கேட்டு அடைச்ச தொண்ட, இன்னும் தொறக்கல."

இப்படித்தான் மூன்று வருடம் ஓடியது. பிறகு எல்லா நிலையங்களிலும் நேரலை அறிவிப்பாளர்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரே ஊரிலிருந்து எல்லா ஊருக்கும் பேசிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அது நடந்தால் சென்னை நிலையமே ஒரு பெயர்ப்பலகையாகிவிடும் என்று பயந்தேன். அதனால் வேறு வழி ஒன்றைச் சொன்னேன். எழில் பேசியதெல்லாம் எங்களிடம் பதிவாக இருந்தது. அவற்றை வெட்டி, சமயத்துக்குத் தகுந்தபடி பிரித்து வைத்தேன். பிறந்தநாள், மழை, மின்வெட்டு, கால்பந்து வெற்றி, துக்கம், புயல். நேயர் அனுப்பும் குரல் செய்தியை முதலில் ஒலிபரப்புவோம், அதற்குப் பொருந்தும் துண்டை அடுத்து ஓட்டுவோம். கேட்பவருக்கு எழில் பதில் சொல்வது போலவே இருக்கும். தலைமையகம் அதற்குச் சென்னை முறை என்று பெயர் வைத்தது.

எழிலின் ஒப்பந்தம் முடிந்தது, நாங்கள் புதுப்பிக்கவில்லை. குரலைப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு இருந்தது. இதை அவள் வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. நிகழ்ச்சி தொடரும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு டீக்கடையில் நின்றபோது தன் குரலைத் தானே கேட்டிருக்கிறாள். நேரே அலுவலகம் வந்துவிட்டாள்.

"சார், நான் டீக்கடையில நின்னுகினு கீறேன். அதே நேரத்துக்கு ரேடியோவுல இன்னா சார் பண்ணிகினு கீறேன்?"

நான் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். அவள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"செரி. என்ன வச்சிப் பொய்யி மட்டும் சொல்லாதீங்க."

நீ சொல்லாத ஒரு வார்த்தையும் உன் குரலில் வராது என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். நீங்கள் விசாரிக்கும் அந்த நாளில் வந்த ஒவ்வொரு சொல்லும் அவளுடையதுதான்.

அவள் கணவன் வல்லரசு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். மாத்தூரில், ஒரு குறுகிய தெருவில், இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். கீழ்த்தளத்தில் ரூபினா என்ற பெண் தையல் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க எங்கள் ரேடியோதான் ஓடுமாம். எழில் வீட்டிலிருந்தபடியே நிகழ்ச்சி செய்கிறாள் என்றுதான் அந்தத் தெரு நம்பியிருந்தது. அவள் மறுக்கவில்லை. நிபந்தனை அப்படி.

அன்று எங்களுக்கு முக்கியமான நாள். சென்னை முறையை எல்லா நிலையங்களிலும் கொண்டுவரலாமா என்று முடிவு செய்ய, குருகிராமில் இயக்குநர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து எங்கள் ஒலிபரப்பை நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஒரு பெண் கேட்பதும் இன்னொரு பெண் தாமதமில்லாமல் பதில் சொல்வதும்தான் அவர்கள் காதில் விழும். ஒலிப்பதிவு அறையில் நானும் ஃப்ரெடியும் மட்டும் இருந்தோம். ஃப்ரெடி எங்கள் ஒலிப்பொறியாளர், ராயபுரத்துக்காரன்.

மாத்தூரிலிருந்து குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் ஏதோ குப்பை எரிகிறது என்று நினைத்தேன். மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து நாற்றம் பற்றிய புகார் தினமும் வரும். பிறகு ரூபினாவின் செய்தி வந்தது. "எழிலக்கா, தெருவுல மஞ்சக் கலர்ல பொக வருது. கண்ணு எரியுது. பிளீச்சிங் பவுடர் நாத்தம். வெளிய ஓடவா, உள்ளயே இருக்கவா? நீ மேலதான கீற, சொல்லுக்கா."

அதைக் கேட்டு முடிக்கும்போது என் நேரடி எண் அடித்தது. எழில்.

"சார், லைன கட் பண்ணாதீங்க. காயலான் கடையில பழைய சிலிண்டர அறுத்துட்டானுங்க. குளோரினு சார். எங்க நைனா சட்டையில வர்ற அதே நாத்தம். இது தரையோட படுத்துகினு வரும், மேல ஏறாதுன்னு நைனா சொல்லும். என்ன லைவுல போடுங்க. மாடிக்கு ஏறுங்கன்னு சொல்லணும், அவ்ளோதான்."

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன், வந்துகினு கீறாங்க. நான் மேலேர்ந்து கத்துறேன், கதவ சாத்திகினு கீறாங்க, ஒருத்தருக்கும் கேக்கல. ரேடியோதான் சார் கேக்கும்."

கொஞ்சம் லைனில் இரு என்றேன். காத்திருக்கும் அழைப்பில் எங்கள் நிலைய இசை ஓடும். இருபத்திரண்டு நிலையங்களுக்கும் அது ஒன்றுதான்.

ஃப்ரெடி என்னைப் பார்த்தான். "சார், போன ஏத்தட்டா?"

"இரு."

"பாட்டு முடியப் போவுது சார்."

என் நிலைமையை விளக்க விரும்புகிறேன். தனியார் பண்பலைகள் செய்தி சொல்லக் கூடாது. ஆபத்து அறிவிப்பென்றால் அரசு நிர்வாகத்திடமிருந்து வர வேண்டும், அப்படி எதுவும் வந்திருக்கவில்லை. தொலைபேசியில் ஒரு பெண் குளோரின் என்கிறாள், அவள் விஞ்ஞானி அல்ல. அவளை நேரலையில் போட்டால் இருமிக்கொண்டே பேசுவாள். அதற்கு முந்தைய நிமிடம்வரை சிரித்துப் பேசிய எழில் யார் என்று எல்லோரும் கேட்பார்கள். அன்றைக்குச் சென்னை முறை முடிந்திருக்கும்.

நேயர் கேள்வி, எழில் பதில் என்ற பகுதிக்கு நேரம் வந்துவிட்டது. இயக்குநர்கள் காத்திருந்ததே அதற்குத்தான். ரூபினாவின் செய்தியை ஏற்றச் சொன்னேன். பதிலுக்குச் சேமிப்பில் தேடினேன். விஷவாயு என்று ஒரு பிரிவு இல்லை. நான் அதை யோசித்திருக்கவில்லை. புயல் என்று இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்தேன்.

"தபாருங்க, யாரும் பயப்படாதீங்க. கதவு ஜன்னல சாத்திக்கோங்க. மொட்டமாடிக்கு மட்டும் போகாதீங்க. கீழயே இருங்க. உங்க எழிலு உங்க கூடவே கீறேன்."

ஃப்ரெடி எழுந்து நின்றுவிட்டான். "சார், அது புயலுக்கு சொன்னது சார்."

"உட்காரு" என்றேன். அடுத்த பாட்டு தொடங்கியது. குருகிராமிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அருமை, எவ்வளவு அன்பான குரல் என்று.

தொலைபேசியை மறுபடி எடுத்தேன். எழில் லைனில்தான் இருந்தாள். எனக்கு ரேடியோச் சத்தம் கேட்டது. கீழே தையல் கடையிலிருந்து வந்திருக்க வேண்டும். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சார், இன்னா சார் பண்ணீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "நான் கீழ போறேன்" என்றாள். போகாதே என்று நான் சொல்லவில்லை.

இறந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் தரைத்தளத்து வீடுகளில், சாத்திய கதவுக்குப் பின்னால். ரூபினாவை எழில் தோளில் சாய்த்து முதல் மாடித் திருப்பம்வரை ஏற்றிவிட்டாள், ரூபினா பிழைத்துக்கொண்டார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட எழில் மறுபடி இறங்கினாள். படிக்கட்டின் அடியில்தான் கிடந்தாளாம். மாடியில் இருந்தவர்களுக்குக் கண் எரிச்சலுக்கு மேல் எதுவும் ஆகவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பீம்ராவ் ஐயா புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து வணங்கினார். வல்லரசு எனக்கு டீ வாங்கி வரச் சொன்னான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கடைசியா உங்களுக்குத்தான் சார் போன் பண்ணிகிறா. இன்னா சார் சொன்னா?"

லைன் சரியாகக் கிடைக்கவில்லை என்றேன்.

அவன் தலையாட்டினான். "ரேடியோவுல அப்படி சொன்னது அவ இல்லன்னு எனக்குத் தெரியும் சார். தெருவே அவளத்தான் திட்டிகினு கீது. மாடியில குந்திகினு எங்கள கீழயே இருக்கச் சொல்லிச்சேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அடங்கிருவாங்க."

பார்க்கலாம் என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். இதெல்லாம் நடந்து மூன்று மாதமாகிறது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. ஃப்ரெடி வேலையை விட்டுவிட்டான். உங்களுக்குப் புகார் எழுதியது அவனாகத்தான் இருக்கும். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் எழுதாவிட்டாலும் நான் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். மாத்தூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏற முடியவில்லை. யாராவது படி ஏறும் சத்தம் கேட்டால் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.

அவசரத்தில் நேர்ந்த தவறு என்று எழுதித் தரும்படி எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அவசரம் இல்லை மேடம். இதை நீங்கள் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டை ஒலிபரப்புவதற்கு முன் ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். முழுவதும் கேட்டேன். எழில் அப்போது லைனில் காத்திருந்தாள், மாடிக்கு ஏறச் சொன்னது என் காதிலேயே இருந்தது. இன்னொரு பாட்டை ஓட்டியிருக்கலாம். என் முன்னால் மைக் இருந்தது, நானே என் குரலில் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் மொட்டைமாடி வரியை மட்டுமாவது வெட்டியிருக்கலாம். வெட்டுவதற்கு நேரமும் இருந்தது. வெட்டிப் பார்த்தேன். 'சாத்திக்கோங்க' முடிந்து 'கீழயே' தொடங்கும் இடத்தில் குரல் தாவியது. குருகிராமில் அது தெரிந்துவிடும். அதனால் வரியைத் திரும்பச் சேர்த்தேன்.

அதைத்தான் நான் செய்தேன். எட்டுப் பேரையும் கீழே இருக்க வைத்தது நான். ஒன்பதாவது ஆளைக் கீழே வரவழைத்ததும் நான்.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் நேரடி எண்ணுக்கு வரும் அழைப்புகள் பதிவாகும். எழில் காத்திருந்த நேரமும் பதிவாகியிருந்தது. நிலைய இசைக்கு அடியில், கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். பல இடங்களில் இருமல். ஓரிடத்தில் மட்டும் குரல் தெளிவாக இருக்கிறது. "எல்லாரும் மாடிக்கு ஏறுங்க." இசையை நீக்கி, இரைச்சலைக் குறைத்து, சுத்தம் செய்வதற்கு இரண்டு வாரம் ஆனது. இப்போது சேமிப்பில் விஷவாயு என்று ஒரு பிரிவு இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது, நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். இனி ஒருமுறை அப்படி நேர்ந்தால் அவர்கள் எழிலைக் கேட்பார்கள், எழில் சரியாகச் சொல்லுவாள்.