தடுக்கலாகாது

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருக்கிறது. 'விதி புத்தகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'விதிப் புத்தகம்' என்று இருக்க வேண்டும். 'கேட்டு கொள்கிறோம்' என்பதிலும் ஒரு 'க்' வேண்டும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

முப்பத்தோராம் பக்கத்தில் இருப்பது கவனக்குறைவால் நேர்ந்த பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதில்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே மேசை, அதே ஜன்னல், அதே சிவப்புப் பேனா. துணி துவைக்கும் இயந்திரத்தோடு வரும் சிறு புத்தகம், காய்ச்சல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், உங்கள் நிறுவனத்தின் சீட்டு விளையாட்டுக்கான விதிகள், எல்லாம் என் கண் வழியாகத்தான் வெளியே போகும். அச்சக முதலாளி நல்ல மனிதர். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "கண்ணு தவறிடுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. யாரு தூக்குல போடப்போறாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவரோடு ஒரு வாரமாக நான் பேசவில்லை.

இந்தக் கோப்பைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஆளுக்கு அறுபது சீட்டு. ஒருவர் இறக்கும் சீட்டுக்கு ஒரு விளைவு உண்டு. எதிராளி உடனே அதன்மேல் ஒரு தடுப்புச் சீட்டை வைத்தால் அந்த விளைவு செல்லாது. அந்தத் தடுப்பின்மேல் முதல் ஆள் தன்னுடைய தடுப்பு ஒன்றை வைத்தால், எதிராளியின் தடுப்பு செல்லாமல் போய் முதல் சீட்டுக்கு மறுபடி உயிர் வரும். தட்டு அடுக்குவது மாதிரிதான். கடைசியாக வைத்ததை முதலில் எடுக்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். தங்கமான பையன், இதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. இரண்டு வருடங்களாக ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடுவோம். நான் ஒரு சீட்டை இறக்குவேன். அவன் சுட்டுவிரலை மட்டும் லேசாகத் தூக்கி, "ஒரு நிமிஷம் மாமா" என்பான். அவ்வளவுதான், என் சீட்டு செத்துப்போகும். 'மூன்றுதலை ஆமை' என்று ஒரு சீட்டு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வருடங்களில் அந்த ஆமை ஒரு தடவைகூட என் பக்கத்திலிருந்து நகர்ந்ததில்லை.

நான் வென்றது மூன்று ஆட்டம். அதில் ஒன்றின்போது அவனுக்குக் காய்ச்சல்.

ஒரு ஞாயிறன்று என் கையில் ஒரு தடுப்பு வந்தது. அதை நாற்பது நிமிடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அவன் தன் பெரிய சீட்டை இறக்கியதும் அதன்மேல் வைத்தேன். மனைவி தேநீர்க் கோப்பையோடு வந்து பின்னால் நின்றாள். மைத்துனன் மேசையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு விரல் எழும்பியது. "ஒரு நிமிஷம் மாமா." என் தடுப்பின்மேல் அவன் தடுப்பு உட்கார்ந்தது. மனைவிக்குச் சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. "உங்களால அவன ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள்.

இதைக் காரணமாகச் சொல்லவில்லை. வரிசைப்படி நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் உங்கள் விதிப் புத்தகத்தின் புதிய பதிப்பு மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. முப்பத்தோராம் பக்கம், நான்காம் பத்தி: 'ஒரு தடுப்பை இன்னொரு தடுப்பால் தடுக்கலாம்.' பிழையே இல்லாத வாக்கியம். நான் அதைப் பலமுறை படித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தும் படித்தேன். பிறகு கடைசியில் இருந்த 'ம்' என்ற எழுத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'காது' என்று எழுதினேன். தடுக்கலாகாது. ஒரு மெய்யெழுத்தை எடுத்துவிட்டு ஒரு காதை வைத்தேன். இலக்கணப்படி அதுவும் பிழையற்ற வாக்கியம்தான். இதையும் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இருபதாயிரம் படிகள் அச்சாயின.

அவை கடைகளுக்குப் போய்ச் சேர நான்கு வாரம் ஆனது. அந்த நான்கு ஞாயிறுகளும் நான் தோற்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் தோற்றதே இல்லை. "என்னங்க, இன்னைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கல?" என்று மனைவிகூடக் கேட்டாள்.

பிறகு நகரப் போட்டி வந்தது. அதற்கு நடுவராக இருந்த பெண்ணுக்கும் என் மைத்துனனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். மருத்துவர் எழுதித் தராத மாத்திரையைப் பெற்ற தாய் கேட்டாலும் தரமாட்டாள். புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவளுக்கு. அந்தக் குணத்தால்தான் எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

போட்டியன்று காலையில் மைத்துனன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே, "மாமா, புதுப் புத்தகம் வந்திருக்காமே. நீங்கதான பாத்தீங்க, ஏதாச்சும் மாறியிருக்கா?" என்று கேட்டான்.

"ஒற்றுப்பிழை கொஞ்சம் இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்றேன். "நல்லா ஆடிட்டு வா, மாப்ள."

நானும் மனைவியும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். இறுதி ஆட்டம் வரைக்கும் அவனுக்கு எதிராளியின் தடுப்பைத் தடுக்க வேண்டிய தேவையே வரவில்லை; அவ்வளவு நன்றாக ஆடினான். இறுதி ஆட்டத்தில் வந்தது. எதிராளி தடுத்தார். இவன் விரலைத் தூக்கி அந்தத் தடுப்பைத் தடுத்தான். எதிராளி புதுச் சீட்டுப் பெட்டி வாங்கி, அதோடு வந்த புத்தகத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த மனிதர். கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

அவள் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்து இரண்டு முறை படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "புது விதிப்படி இது செல்லாது. ஆட்டம் அவருக்கு" என்றாள்.

என் மைத்துனனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "உனக்கு விதியே தெரியல. நீயெல்லாம் எதுக்கு நடுவரா வந்த?" என்று இருநூறு பேர் முன்னால் கேட்டான். அவள் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் அதைத் தட்டிவிட்டான். ஒரு வருடம் எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது என்று தீர்ப்பானது. அந்த வாரக் கடைசிக்குள் கல்யாணப் பேச்சும் நின்றுபோனது.

இந்தச் சமயத்தில் நான் அவனைக் கைவிடவில்லை. தினமும் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். 'புதிய விதியை அறியாமல் ஆடியது என் தவறு' என்று அவன் அவளுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்தை என்னிடம்தான் முதலில் காட்டினான். அதில் மூன்று பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன்.

அந்தக் கடிதம்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு மனம் கேட்காமல், உங்கள் விளையாட்டின் வேறுமொழிப் புத்தகங்கள் இரண்டை வரவழைத்து ஒப்பிட்டிருக்கிறாள். இரண்டிலும் 'தடுக்கலாம்' என்றே இருந்தது. உங்களுக்குப் புகார் எழுதியவளும் அவள்தான். அந்தப் புத்தகங்கள் வந்த வாரம் சனிக்கிழமை மாலை இருவருமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மேசையில் மூன்று புத்தகங்களையும் விரித்து வைத்தார்கள்.

"அண்ணா, இது அச்சுப்பிழைதானே?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். "மாமாவத் திட்டாத. போன வருஷமே அவருக்குக் கண்ணாடி மாத்தியிருக்கணும். நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன். வயசானா எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு தவறத்தான் செய்யும்."

மனைவி என் தோளில் கை வைத்தாள். மூன்று பேரும் என்னை அப்படி ஓர் இரக்கத்தோடு பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டிருப்போம். அது எனக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள், ஐயா. ஒரு முழு 'காது' என் கண்ணில் படாமல் போயிற்று என்று மூன்று பேர் நம்பிவிட்டு எழுந்து போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, அடித்த விதத்தையும் எழுதிய விதத்தையும் செய்து காட்டினேன். அப்போது நம்பினார்கள்.

"ஏன் மாமா?" என்றான் அவன். தேநீர் மூக்கில் வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எப்பங்க அப்படிச் சிரிச்சேன்?" என்றாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை.

அவர்களுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மனைவி கல்யாண வேலைக்கென்று தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். எடுத்துப்போன பெட்டியின் அளவைப் பார்த்தால் வேலை நிறைய இருக்கும் போலிருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கவனக்குறைவு இல்லை. முழுக் கவனத்தோடு, தெளிந்த புத்தியோடு நான் செய்தது. உங்கள் அறிக்கையில் 'பிழை' என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வேறு எந்த நடவடிக்கைக்கும் நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன். மைத்துனன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. தோல்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆளும் நான் இல்லை. இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் நானே இரண்டு பக்கமும் ஆடுகிறேன், வலது கை எனக்கு, இடது கை அவனுக்கு. ஏழு ஆட்டத்தில் ஏழும் நான்தான் வென்றேன். சீட்டுகளைப் பிரிக்கும்போது இடது கைக்குத் தடுப்பு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். அது கூடாது என்று உங்கள் புத்தகத்தில் எங்கும் சொல்லவில்லை.